முள்ளை முள்ளால் எடுக்கும் வானொலி

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபார் தீவுகளைத் தாக்கியது. தீவுகளில் பல இடங்களில் தொலைபேசித் தொடர்பு அறுந்து போயிற்று. உலகெங்குமுள்ள நிலையங்களுடன் பேசிப் பார்ப்பதற்காக வந்திருந்த அமெச்சூர் வானொலிக் குழு ஒன்று அச்சமயம் போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) தங்கியிருந்தது. பேரழிவு நேர்ந்ததும் அக்குழுவினர் தம் சிற்றலைக் கருவிகளை அவசரச் செய்திப் பணிக்குத் திருப்பினர். ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள பெருநிலத்துக்குச் செய்திகள் சென்றன; அங்கிருந்தும் வந்தன.

இத்தகைய வேளையில், செய்தியைக் கேட்பவருடைய நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அயனி மண்டலத்தில் எதிரொளித்து நெடுந்தொலைவு வந்த அலை, அவருடைய ஏரியல் கம்பியில் சில மைக்ரோவோல்ட் மின்னழுத்தத்தையே உண்டாக்கும். அதே கம்பியில் பக்கத்து வீட்டு எல்.இ.டி. விளக்கும், கைப்பேசி மின்னேற்றியும், தெருவில் உள்ள உடைந்த மின்கம்பப் பீங்கானும் அதைவிடப் பன்மடங்கு இரைச்சலை உண்டாக்கக்கூடும். வேண்டிய மருந்துப் பெட்டிகள் ஐந்தா பதினைந்தா என்று காதில் விழவில்லை என்றால் என்ன செய்வது?

"ஒலியைக் கூட்டினால் போயிற்று" என்று சிலர் சொல்லக் கூடும். கூட்டலாம். ஆனால் சைகையோடு இரைச்சலும் அதே அளவு கூடும். "வடிப்பான் சுற்று வைத்து இரைச்சலை நீக்கலாமே" என்று வேறு சிலர் கேட்கலாம். வடிப்பான் அதிர்வெண் வேறுபாட்டைக் கொண்டுதான் ஒன்றை விடும், மற்றொன்றைத் தடுக்கும். இங்கே சைகையும் இரைச்சலும் ஒரே அதிர்வெண்ணில் அமர்ந்திருக்கின்றன. ஒன்றைத் தடுத்தால் மற்றொன்றும் தடைப்படும்.

அப்படியானால் இவ்விரண்டுக்கும் வேறுபாடே இல்லையா? ஒரு வேறுபாடு இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு இடங்களிலிருந்து வருகின்றன. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு, இரைச்சலைக் கொண்டே இரைச்சலைப் போக்கும் ஒரு முறை உண்டு. காலில் தைத்த முள்ளை இன்னொரு முள்ளால் எடுப்பதைப் போன்றது அது. அதன் இயற்பியலை இங்கே காண்போம்.

இரைச்சல் எங்கிருந்து பிறக்கிறது?

மின்கம்பத்தில் விரிசல் கண்ட பீங்கானிலோ தளர்ந்த இணைப்பிலோ மின்பொறி தாவுகிறது என்று கொள்வோம். நம் நாட்டு மாறுமின்னோட்டம் வினாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னழுத்தம் இரு முறை, ஒரு முறை நேர்த்திசையிலும் ஒரு முறை எதிர்த்திசையிலும், உச்சத்தை அடைகிறது. ஆகவே வினாடிக்கு 100 முறை பொறி தாவுகிறது. வானொலியில் கேட்கும் 'கர்ர்ர்' என்ற முரட்டு ஒலி இதுவே.

எல்.இ.டி. விளக்குகளிலும் மின்னேற்றிகளிலும் உள்ள மின்வழங்கிகள் வேறு வகையின. அவை மின்னோட்டத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை நிறுத்தி நிறுத்திச் செலுத்துகின்றன. எடுத்துக்காட்டாக, ஒரு மின்வழங்கி 60 கிலோஹெர்ட்ஸில் இயங்குவதாகக் கொள்வோம். திடீரென நிறுத்தித் திடீரெனச் செலுத்தும் மின்னோட்டத்தில் மேற்சுரங்கள் மிகுதி. அதன் 125ஆவது மேற்சுரம் 7,500 கிலோஹெர்ட்ஸ், அதாவது 7.5 மெகாஹெர்ட்ஸ். இது சிற்றலைப் பகுதியின் நடுவே வந்து விழுகிறது. அருகில் உள்ள வீட்டுக் கம்பிகளே இதற்கு ஒலிபரப்பு ஏரியலாகி விடுகின்றன.

இரைச்சல் நம் வீட்டில் பிறந்தால் அந்தக் கருவியை நிறுத்திவிடலாம். அதுவே முதல் மருந்து, சிறந்த மருந்தும் கூட. அடுத்த வீட்டிலோ அடுத்த தெருவிலோ பிறந்தால்தான் இரண்டாவது ஏரியல் தேவைப்படுகிறது.

கட்டம் என்பது என்ன?

ஊஞ்சல் ஒன்று முன்னும் பின்னும் ஆடுகிறது. ஒரு கணத்தில் அது தன் ஆட்டத்தின் எந்த நிலையில் இருக்கிறது என்பதையே அக்கணத்தில் அதன் கட்டம் என்கிறோம். ஒரு முழு ஆட்டத்தை 360 பாகைகளாகக் கணக்கிடுவது வழக்கம். அருகருகே இரண்டு ஊஞ்சல்கள் ஒன்றாகவே முன்னே வந்து ஒன்றாகவே பின்னே போனால் அவை ஒத்த கட்டத்தில் உள்ளன. ஒன்று முன்னே வரும்போது மற்றொன்று பின்னே போனால் அவற்றின் கட்ட வேறுபாடு 180 பாகை. அவை எதிர்க் கட்டத்தில் உள்ளன.

ஒரே அதிர்வெண்ணும் சம வீச்சும் கொண்ட இரு அலைகள் ஓரிடத்தில் ஒத்த கட்டத்தில் மேற்பொருந்தினால் வீச்சு இரு மடங்காகும். எதிர்க் கட்டத்தில் மேற்பொருந்தினால் தொகுபயன் சுழி. ஒளியின் குறுக்கீட்டு விளைவில் கரிய வரிகள் தோன்றுவது இப்படித்தான் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். வானொலி அலையும் மின்காந்த அலையே. எனவே அதற்கும் இதே விதிதான்.

இனி ஒரு கணக்கு. 7.5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள அலையின் அலைநீளம் எவ்வளவு? ஒளியின் திசைவேகம் வினாடிக்கு 30 கோடி மீட்டர். அதை 75 இலட்சத்தால் வகுத்தால் 40 மீட்டர் கிடைக்கிறது. 40 மீட்டர் என்பது 360 பாகை. எனவே அலை ஒவ்வொரு மீட்டர் தொலைவு செல்லும்போதும் அதன் கட்டம் 9 பாகை பின்தங்குகிறது. இந்த 9 பாகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஏரியல்கள்

நம் வீட்டு மாடியில் 'அ' என்னும் முதன்மை ஏரியல் இருக்கிறது. அதற்கு மேற்கே 10 மீட்டர் தொலைவில் 'ஆ' என்னும் துணை ஏரியலைக் கட்டுகிறோம். இரைச்சல் மேற்குப் பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது. நாம் கேட்க விரும்பும் நிலையம் வடக்கே உள்ளது.

இரைச்சல் அலை முதலில் 'ஆ'வை அடையும். மேலும் 10 மீட்டர் சென்ற பிறகே 'அ'வை அடையும். ஆகவே 'அ'வில் உள்ள இரைச்சல் 'ஆ'வில் உள்ள இரைச்சலைவிட 90 பாகை பின்தங்கியிருக்கும். வடக்கிலிருந்து வரும் சைகைக்கோ இரண்டு ஏரியல்களும் சம தொலைவு. எனவே அது இரண்டிலும் ஒத்த கட்டத்தில் இருக்கும்.

'ஆ' இரைச்சலின் பிறப்பிடத்துக்கு அருகில் இருப்பதால் அதில் இரைச்சல் மிகுதி. கீழ்க்கண்ட அளவுகளை எடுத்துக்கொள்வோம்:

'அ' ஏரியலில்: இரைச்சல் 100 மைக்ரோவோல்ட், சைகை 10 மைக்ரோவோல்ட்.
'ஆ' ஏரியலில்: இரைச்சல் 200 மைக்ரோவோல்ட், சைகை 8 மைக்ரோவோல்ட்.

எந்த ஏரியலைத் தனியே இணைத்தாலும் சைகை இரைச்சலில் மூழ்கிப் போகும். இப்போது மூன்று செயல்களைச் செய்வோம்.

முதலாவதாக, 'ஆ'விலிருந்து வருவதை ஒரு வீச்சுக் குறைப்பானால் பாதியாக்குவோம். அதில் இரைச்சல் 100, சைகை 4 ஆகும். இரண்டு ஏரியல்களின் இரைச்சல்களும் இப்போது சம வீச்சு கொண்டவை.

இரண்டாவதாக, 'ஆ'விலிருந்து வருவதன் கட்டத்தை 90 பாகை பின்னுக்குத் தள்ளுவோம். இரண்டு இரைச்சல்களும் இப்போது ஒத்த கட்டத்துக்கு வந்துவிட்டன.

மூன்றாவதாக, 'ஆ'வின் இரு முனைகளையும் மாற்றி இணைத்து 180 பாகை திருப்புவோம். இரண்டு இரைச்சல்களும் எதிர்க் கட்டத்தில் நிற்கின்றன. அவற்றைக் கூட்டினால் 100 கழித்தல் 100, அதாவது சுழி!

சைகை என்னவாயிற்று? அங்கேதான் இம்முறையின் அழகு இருக்கிறது. 'அ'வின் சைகை 10. 'ஆ'வின் சைகை 4. ஆனால் அது 90 பாகையும் 180 பாகையும் ஆக 270 பாகை பின்தள்ளப்பட்டுள்ளது. 270 பாகை பின்தங்குவதும் 90 பாகை முந்துவதும் கட்டத்தில் ஒன்றே. ஒரு தாளில் வலப்பக்கமாக 10 செ.மீ. நீளக் கோடு வரையுங்கள். அதன் முனையிலிருந்து செங்குத்தாக மேல்நோக்கி 4 செ.மீ. கோடு வரையுங்கள். தொடக்கத்தையும் முடிவையும் இணைக்கும் கோடே தொகுபயன் வெக்டர். பிதகோரஸ் தேற்றப்படி அதன் நீளம் 100-ஐயும் 16-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வரும்: ஏறத்தாழ 10.8.

இரைச்சல் மறைந்தது. சைகையோ குறையவில்லை; சிறிது கூடியும் விட்டது. காரணம், சைகையும் இரைச்சலும் வெவ்வேறு திசையிலிருந்து வந்ததால் இரு ஏரியல்களுக்கிடையே அவற்றின் கட்ட வேறுபாடுகள் வெவ்வேறாக இருந்தன. இரைச்சலுக்குப் பொருந்திய திருத்தம் சைகைக்குப் பொருந்தவில்லை. பொருந்தாததால் சைகை பிழைத்தது.

ஒழுங்கற்றதற்குக் கட்டம் ஏது?

இந்தப் பாடத்தை நடத்தும்போது மாணவர்கள் தவறாமல் எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு. "ஊஞ்சலுக்கு ஒழுங்கான ஆட்டம் இருக்கிறது. இரைச்சலோ தாறுமாறானது. தாறுமாறானதற்குக் கட்டம் என்று ஒன்று எப்படி இருக்க முடியும்?" என்பதே அது. மிக நல்ல கேள்வி. இதற்கு விடை தெரிந்தால்தான் பொருள் முழுவதும் விளங்கும்.

இரைச்சல் தாறுமாறானது என்பது உண்மையே. அடுத்த கணம் அது எவ்வாறு இருக்கும் என்று நம்மால் சொல்ல முடியாது. ஆனால் நாம் அதை முன்னறிந்து சொல்ல வேண்டியதில்லை. ஒரே பொறியிலிருந்து கிளம்பிய அதே தாறுமாறு அலை இரண்டு ஏரியல்களுக்கும் வருகிறது. ஒன்று மற்றொன்றின் நகல். எப்படிப்பட்ட கிறுக்கலாக இருந்தாலும் அதன் நகலைத் தலைகீழாகத் திருப்பிக் கூட்டினால் சுழிதானே வரும்?

நகல் ஒன்று சற்று முன்னும் மற்றொன்று சற்றுப் பின்னும் வருவதால் கெடுதல் இல்லையா? கணக்கிட்டுப் பார்ப்போம். பேச்சுக்கான வானொலி ஏற்பி ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு சிறு பட்டையை மட்டுமே உள்ளே விடுகிறது. அந்தச் சிறு பட்டையில் வரும் இரைச்சல், 7.5 மெகாஹெர்ட்ஸ் ஊஞ்சல் ஒன்றின் வீச்சும் கட்டமும் மெல்ல மெல்ல மாறுவதைப் போன்றது. அவ்வாறு மாறுவதற்கு ஆகும் காலம், ஒரு வினாடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு அளவினது. அதாவது ஏறத்தாழ 333 மைக்ரோ வினாடி. அலை 10 மீட்டர் செல்ல ஆகும் காலமோ 0.033 மைக்ரோ வினாடிதான். முன்னது பின்னதைப் போல் 10,000 மடங்கு. எனவே இரைச்சல் தன் போக்கை மாற்றிக்கொள்வதற்கு வெகு முன்பே இரண்டு ஏரியல்களையும் தொட்டுவிடுகிறது. அந்தச் சிறு பின்னடைவை ஒரு கட்ட மாற்றமாகவே கொள்ளலாம்.

இத்தகைய இரு அலைகளையே ஓரியல் அலைகள் என்கிறோம். இதற்கு மாறாக, ஒவ்வொரு பெருக்கியின் உள்ளேயும் எலக்ட்ரான்களின் வெப்ப இயக்கத்தால் தனித்தனியே பிறக்கும் இரைச்சல்களுக்கு ஒன்றோடொன்று உறவு இல்லை. அவற்றை எந்தக் கட்ட மாற்றத்தாலும் அழிக்க இயலாது. கூட்டினால் அவற்றின் திறன்கள் கூடவே செய்யும்.

கட்டத்தை மாற்றுவது எப்படி?

முதல் வழி மிக எளியது: கம்பிவடத்தின் நீளத்தைக் கூட்டுவது. வெற்றிடத்தில் 90 பாகைக்கு 10 மீட்டர் தேவை என்று கண்டோம். திண்மப் பாலித்தீன் நிரப்பிய கோ-ஆக்சியல் கேபிளில் அலையின் வேகம் வெற்றிடத்தில் உள்ளதில் ஏறத்தாழ 66 விழுக்காடு. எனவே 6.6 மீட்டர் கேபிளே 90 பாகை பின்தள்ளப் போதும். ஆனால் ஒவ்வொரு இரைச்சலுக்கும் கேபிளை வெட்டியும் ஒட்டியும் கொண்டிருக்க முடியாதல்லவா?

இரண்டாம் வழியில் ஒரு திருகு போதும். ஒரு டிரான்சிஸ்டரின் உமிழ்ப்பானிலும் ஏற்பானிலும் சமமான மின்தடைகளை இணைத்து, அடிவாயில் சைகையைச் செலுத்துவோம். உமிழ்ப்பானில் உள்ளீட்டோடு ஒத்த கட்டத்திலும், ஏற்பானில் எதிர்க் கட்டத்திலும் சம வீச்சுள்ள இரு மின்னழுத்தங்கள் கிடைக்கும். உமிழ்ப்பானிலிருந்து ஒரு மாறு மின்தடையையும், ஏற்பானிலிருந்து ஒரு மின்தேக்கியையும் கொண்டுவந்து ஒரு புள்ளியில் சேர்ப்போம். அந்தப் புள்ளியே வெளியீடு. மின்தடை சுழியானால் வெளியீடு உமிழ்ப்பானைப் பின்பற்றும். மின்தடை மிகப் பெரிதானால் வெளியீடு ஏற்பானைப் பின்பற்றும். இடையில் கட்டம் 0 பாகையிலிருந்து 180 பாகையை நோக்கிப் படிப்படியாக மாறும். வீச்சோ மாறாமல் இருக்கும். மின்தடையும் மின்தேக்கியின் மின்மறுப்பும் சமமாகும்போது மாற்றம் சரியாக 90 பாகை. 100 பைக்கோஃபாரட் மின்தேக்கிக்கு 7.5 மெகாஹெர்ட்ஸில் மின்மறுப்பு ஏறத்தாழ 212 ஓம். எஞ்சிய 180 பாகையைப் பெற, முனைகளை மாற்றும் ஒரு சாவி போதும்.

இவ்வளவும் வானொலி ஏற்பிக்கு முன்னரே செய்யப்பட வேண்டும் என்பதைக் கவனியுங்கள். இரண்டு வானொலிகளை வைத்து, அவற்றின் ஒலிபெருக்கிகளை எதிரெதிராக இணைத்தால் இந்தப் பயன் கிடைக்காது. சாதாரண வானொலியில் பண்பிறக்கம் நடந்த பிறகு அலையின் வீச்சு பற்றிய செய்தி மட்டுமே எஞ்சுகிறது. வானலையின் கட்டம் பற்றிய செய்தி போய்விடுகிறது. கட்டம் போன பின் கட்டத்தைத் திருத்துவது எங்ஙனம்?

இரு திருகுகள், ஒரு சமநிலை

வீட்ஸ்டன் சமனச் சுற்றில் தொடுசாவியை நகர்த்தி நகர்த்திக் கால்வனாமீட்டர் முள்ளைச் சுழிக்குக் கொண்டு வந்திருப்பீர்கள். இங்கே கால்வனாமீட்டருக்குப் பதில் உங்கள் காது. ஆனால் ஒரு வேறுபாடு: அங்கே நிறைவேற்ற வேண்டிய நிபந்தனை ஒன்று, இங்கே இரண்டு. வீச்சும் சமமாக வேண்டும், கட்டமும் எதிராக வேண்டும்.

முதலில் ஒவ்வொரு ஏரியலையும் தனித்தனியே கேட்டு, இரைச்சல் ஏறத்தாழ ஒரே உரப்பில் இருக்குமாறு வீச்சைச் சரிசெய்ய வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்துக் கட்டத் திருகை மெல்லத் திருப்ப வேண்டும். ஓரிடத்தில் இரைச்சல் சற்றுத் தணியும். அங்கே நிறுத்தி வீச்சுத் திருகைத் தொட வேண்டும், இன்னும் தணியும். மீண்டும் கட்டம், மீண்டும் வீச்சு. இப்படி மாற்றி மாற்றிச் செய்துகொண்டே போனால் திடீரென இரைச்சல் அடங்கி, அதன் அடியில் புதைந்திருந்த குரல் மேலே எழும்.

எவ்வளவு துல்லியம் தேவை? வீச்சுகள் மிகச் சரியாகச் சமமாக இருந்தும் கட்டத்தில் 1 பாகை பிழை இருந்தால், மூல இரைச்சலில் 57இல் ஒரு பங்கு எஞ்சும். 6 பாகை பிழை என்றால் பத்தில் ஒரு பங்கு எஞ்சும். 30 பாகை என்றால் பாதிக்கு மேல் எஞ்சும். 60 பாகை பிழையில் பயனே இல்லை. இரைச்சல் முன்பிருந்த அளவே இருக்கும். அதற்கும் மேல் போனால் இரைச்சல் முன்னிலும் கூடும்! 7.5 மெகாஹெர்ட்ஸில் 1 பாகை என்பது 11 சென்டிமீட்டர் தொலைவு. எனவே காற்றில் ஆடும் தளர்ந்த ஏரியல் கம்பி, கிடைத்த சமநிலையையும் ஆட்டிவிடும். கம்பியை இழுத்துக் கட்டுவது இங்கே அழகுக்காக அன்று.

எங்கே இம்முறை தோற்கும்?

எந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. இதற்கும் சில உண்டு.

சைகையும் இரைச்சலும் ஒரே திசையிலிருந்து, இரு ஏரியல்களிலும் ஒரே வீச்சு விகிதத்தில் வந்தால், இரைச்சலோடு சைகையும் அழிந்து போகும். நம் எடுத்துக்காட்டில் சைகையும் மேற்கிலிருந்தே வந்தால் என்ன ஆகும்? 10 கழித்தல் 4, அதாவது 6 மைக்ரோவோல்ட் எஞ்சும். திசை ஒன்றானாலும் வீச்சு விகிதம் வேறாக இருந்ததால் அது தப்பியது. ஆகவே துணை ஏரியல் இரைச்சலை நன்றாகவும், சைகையைக் குறைவாகவும் வாங்குமாறு அமைப்பதே அறிவுடைமை. இரைச்சலின் பிறப்பிடத்தை நோக்கிய பக்கத்தில் ஒரு சிறு கம்பியே பெரும்பாலும் போதுமானது.

இரைச்சல்கள் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தால் ஒரு துணை ஏரியலால் ஒன்றைத்தான் அழிக்க முடியும். இரண்டை அழிக்க இரண்டு துணை ஏரியல்கள் தேவை. தொலைதூர இடிமின்னலால் எழும் இரைச்சல் கணத்துக்குக் கணம் வெவ்வேறு இடங்களில் பிறந்து, மாறிக்கொண்டேயிருக்கும் அயனி மண்டலத்தின் வழியாக வருகிறது. அதைப் பிடித்து நிறுத்த இரு திருகுகளால் இயலாது.

அதிர்வெண்ணை மாற்றினால் சமநிலையையும் புதிதாகத் தேட வேண்டும். 7.5 மெகாஹெர்ட்ஸில் 90 பாகையாக இருந்த அதே 10 மீட்டர், 15 மெகாஹெர்ட்ஸில் 180 பாகை ஆகிவிடுமல்லவா?

அமெச்சூர் நிலையங்களில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. ஒலிபரப்பும்போது இக்கருவியை ஏரியலிலிருந்து துண்டித்துவிட வேண்டும். மைக்ரோவோல்ட்டுகளுக்காகப் படைக்கப்பட்ட சுற்றில் பல வாட் திறன் பாய்ந்தால் அது கருகிப் போகும். இதற்காகவே உள்ளே ஒரு ரிலே வைப்பதுண்டு.

தாயின் இதயமும் சேயின் இதயமும்

பல ஏரியல்களின் கட்டங்களைக் கொண்டு திசையை ஆளும் எண்ணம் பழமையானது. ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினாண்டு பிரவுன் 1905ஆம் ஆண்டிலேயே மூன்று ஏரியல்களுக்குக் கட்டம் மாற்றி மின்னோட்டம் கொடுத்து, ஒரு பக்கமாக அலையைச் செலுத்திக் காட்டினார். 1909ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசை மார்க்கோனியுடன் பகிர்ந்துகொண்டவர் இவரே. ஒலியை எதிர் ஒலியால் அடக்கும் கருத்துக்குப் பால் லூக் என்பவர் 1936ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

கையால் திருகிக்கொண்டிராமல் கருவியே தன்னைச் சரிசெய்துகொள்ள முடியுமா? பகைவர் வேண்டுமென்றே எழுப்பும் இரைச்சலிலிருந்து ரேடாரைக் காக்க இந்தத் தேவை எழுந்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த பால் ஹவல்ஸ் இதற்கு ஒரு சுற்றை அமைத்து, 1959ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1965ஆம் ஆண்டில் அது கிடைத்தது. இத்தகைய சுற்று, வெளியீட்டைத் துணை ஏரியலோடு இடைவிடாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. வெளியீட்டில் துணை ஏரியலின் சாயல் சிறிதேனும் எஞ்சியிருந்தால், அது மறையும் திசையில் வீச்சையும் கட்டத்தையும் நகர்த்துகிறது. சாயல் முற்றிலும் மறைந்ததும் நின்றுவிடுகிறது.

1975ஆம் ஆண்டில் பெர்னார்டு விட்ரோவும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை ஒன்று இக்கருத்தை மருத்துவத்துக்கும் கொண்டு வந்தது. கருவில் உள்ள குழந்தையின் இதய மின்துடிப்பைத் தாயின் வயிற்றின் மீது வைத்த மின்வாய்களால் பதிவு செய்யலாம். ஆனால் தாயின் இதயத் துடிப்பு அதைவிட வலியது. சேயின் துடிப்பை மூடிவிடும். தாயின் மார்பின் மீது வைத்த மின்வாய்களோ தாயின் துடிப்பையே பெரிதும் வாங்கும். இவையே துணை ஏரியல்கள்! இவற்றைத் தக்கவாறு திருத்தி வயிற்றுப் பதிவிலிருந்து கழித்தபோது, தாயின் துடிப்பு அடங்கிச் சேயின் சின்னஞ்சிறு துடிப்பு தெளிவாக வெளிப்பட்டது.

கழிப்பதற்கு உதவும் கட்டம் கூட்டுவதற்கும் உதவும். நீலகிரியில் உதகமண்டலத்துக்கு அருகே முத்தொரையில் உள்ள வானொலித் தொலைநோக்கி இதற்கு நல்ல சான்று. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் அமைக்கப்பட்டு 1970ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய இது, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அதன் குவியக் கோட்டில் 1,056 இருமுனை ஏரியல்கள் வரிசையாக உள்ளன. வடக்கு தெற்காகப் பார்வையைத் திருப்ப இந்தப் பெருங்கருவியை அசைப்பதில்லை. ஏரியல்களுக்கிடையே கட்டத்தை மாற்றுகிறார்கள். விரும்பிய திசையிலிருந்து வரும் அலைகள் எல்லாம் ஒத்த கட்டத்தில் கூடுகின்றன; கருவி நின்ற இடத்தில் நிற்க, பார்வை மட்டும் திரும்புகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

1. இசைக்கவையைத் தட்டி, அதை நிமிர்த்திக் காதருகே பிடித்து, அதன் காம்பை அச்சாகக் கொண்டு மெல்லச் சுழற்றுங்கள். ஒரு முழுச் சுற்றில் நான்கு இடங்களில் ஒலி அடங்குவதை உணர்வீர்கள். கவையின் புயங்களுக்கு நடுவிலும் வெளிப்புறத்திலும் எழும் அலைகள் அந்தத் திசைகளில் எதிர்க் கட்டத்தில் சந்திக்கின்றன.

2. மத்திய அலை டிரான்சிஸ்டர் வானொலியில் ஒரு நிலையத்தை வைத்து, பெட்டியைக் கிடைமட்டத்தில் சுற்றுங்கள். உள்ளே உள்ள ஃபெரைட் தண்டின் முனை நிலையத்தை நோக்கும்போது ஒலி மிகவும் குறையும். ஓர் எல்.இ.டி. விளக்கின் இரைச்சலையும் இவ்வாறே குறைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

ஏரியல் கட்ட விரும்புவோர் மின்கம்பிகளுக்கு அருகிலோ அவற்றின் மேலோ கீழோ கம்பி இழுக்கக் கூடாது. இடிமின்னல் வேளையில் ஏரியலைத் தொடவும் கூடாது.

சிந்திக்க

அ. 15 மெகாஹெர்ட்ஸில் 5 மீட்டர் இடைவெளியுள்ள இரு ஏரியல்களின் நேர்கோட்டில் வரும் அலைக்குக் கட்ட வேறுபாடு என்ன?

ஆ. முதன்மை ஏரியலில் இரைச்சல் 60 மைக்ரோவோல்ட், துணை ஏரியலில் 90 மைக்ரோவோல்ட். துணை ஏரியலின் வீச்சை எந்த அளவுக்குக் குறைக்க வேண்டும்?

இ. துணை ஏரியல் சைகையைச் சிறிதும் வாங்காமல் இரைச்சலை மட்டும் வாங்கினால், சமநிலையில் சைகையின் வீச்சு என்னவாகும்? சைகை வரும் திசையைப் பற்றி அப்போது கவலைப்பட வேண்டுமா?

விடைகள்: (அ) 90 பாகை. (ஆ) மூன்றில் இரண்டு பங்காக. (இ) முதன்மை ஏரியலில் உள்ள அளவே மாறாமல் இருக்கும். திசையைப் பற்றிக் கவலை இல்லை.